குறட்டையும் இருதயமும்

பௌர்ணமி இரவில் அண்ணாமலையை வலம் வருகிறவர்கள், ஏறக்குறைய 14 கிலோமீட்டர் கொண்ட அந்தப் பாதையில் பாதிக்கு மேல் நடந்த பிறகு அடி அண்ணாமலையை அடைகிறார்கள். ஆதி அருணாசலேசுவரரைக் கும்பிட்டு வெளியே வந்ததும், கால் ஓய்ந்தவர்கள் திண்ணையோ, மண்டபமோ, மரத்தடியோ, கிடைத்த இடத்தில் துண்டை விரித்துச் சாய்ந்துவிடுகிறார்கள். சாய்ந்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை கிளம்புகிறது. வழிநடையில் எழும் "அரோகரா" கோஷத்துக்கு அது சுருதி கூட்டுவது போலவும் இருக்கும்.

சற்று நின்று காது கொடுத்துக் கேட்டால், எல்லாக் குறட்டையும் ஒரே ஜாதி அல்ல என்பது விளங்கும். சில குறட்டைகள் ரம்பம் இழுப்பது போல் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். வேறு சில, படிப்படியாக ஏறி உச்சிக்குப் போய், திடீரென்று நின்றுவிடும். பத்து எண்ணும் வரை ஓசையில்லை. சில சமயம் இருபது, முப்பது எண்ணினாலும் ஓசையில்லை. மார்பும் வயிறும் மட்டும் பூட்டிய கதவைத் தள்ளுவது போல் எழும்பித் தாழும். பிறகு ஒரு திணறல், பெரிய மூச்சு, மறுபடியும் பழைய குறட்டை. படுத்திருப்பவருக்கு இது ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்து, "அசந்து தூங்கிவிட்டேன்" என்பார்.

இந்த வாரம் நாம் எழுதப் போவது குறட்டையின் நடுவே விழும் அந்த மௌனத்தைப் பற்றியேயாகும். இருதயத்தில் ரண சிகிச்சை செய்துகொள்ளப் போகிற ஒருவருக்கு அந்த மௌனம் பெரிய விரோதியாக முடியக்கூடும் என்பதையும், அதை முன்கூட்டியே அறிந்து சொல்லக்கூடியவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பதையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பது நமது நோக்கம்.

நம் நாட்டில் குறட்டைக்கு நல்ல பெயரே வழங்கி வருகிறது. கவலையற்ற மனிதன் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்கிறோம். தூங்குமூஞ்சியைக் கண்டால் "கும்பகர்ணன்" என்று சொல்லிச் சிரிக்கிறோம். ஆங்கில நாட்டிலும் இதே கதைதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் எழுதிய பிக்விக் கதையில், கதவைத் தட்டிக்கொண்டே நின்றபடி தூங்கும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். படித்தவர்கள் நூற்றிருபது வருஷம் சிரித்தார்கள். 1956-ல் அமெரிக்க வைத்தியர் சிலர் அந்தப் பையனை நினைவுகூர்ந்து, இதே போன்று இருந்த ஒரு நோயாளியின் வியாதிக்குப் பிக்விக்கின் பெயரைச் சூட்டினார்கள். பிறகு ஆராய்ச்சி வளர்ந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதிக்கு "ஸ்லீப் அப்னியா" என்னும் பெயர் 1976-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் டாக்டர் கில்லெமினோ முதலியோரின் எழுத்தினால் நிலைபெற்றது.

வியாதியின் சூட்சுமம் எளியது. விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுக்குழலின் வாயிலைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூக்கத்தில் அவை தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு மிகுந்தவர்க்கும், தாடை சிறுத்தவர்க்கும், நாக்கு பின்னுக்குச் சரிந்து வழியை அடைத்துவிடுகிறது. பத்து விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றாலோ, மூச்சு மிகவும் குறுகி இரத்தத்தில் பிராணவாயு இறங்கினாலோ, அதை ஒரு தடங்கல் என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். மணிக்கு ஐந்துக்குக் குறைந்த தடங்கல் பாதகமில்லை. 5 முதல் 15 வரை லேசான வியாதி. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேற்பட்டால் கடுமை. மணிக்கு முப்பது என்றால், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரோ ஒருவர் வந்து கழுத்தை நெரித்துவிட்டுப் போவதற்குச் சமானம். இரவு முழுவதும் இப்படிக் கழுத்தை நெரிக்கக் கொடுத்தவன், பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கி விழுந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று ஏசுவது எவ்வளவு அநியாயம்!

இது பணக்காரப் பருமனின் வியாதி என்று எவரும் அலட்சியம் செய்ய வேண்டாம். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இந்நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, வயது வந்த இந்தியர்களில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்கு இந்தத் தடங்கல் உண்டு. ஆசிய ஜனங்களின் முக எலும்பு அமைப்பினால், மேல்நாட்டாரைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே இது நம்மைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஒல்லியான தேகம் ஒரு காப்பு அல்ல.

இனி, தொண்டையின் விஷயம் இருதயத்தின் விஷயமாவது எப்படி என்று பார்ப்போம்.

இருதயத்துக்கு நான்கு அறைகள். கீழே இரண்டு, தடித்த சுவருள்ளவை; இரத்தத்தை வெளியே தள்ளுகிறவை. மேலே இரண்டு, மெல்லிய சுவருள்ளவை. வருகிற இரத்தத்தை வாங்கிக் கீழே தருகிறவை. மூச்சுவழி அடைத்திருக்கும்போது மார்பு பலமாக இழுக்கிறது, காற்று வருவதில்லை. அந்த இழுப்பு மார்புக்குள் ஒரு வெற்றிடத்தைப் போன்ற நிலையை உண்டாக்கி, மேலறைகளின் மெல்லிய சுவரை வெளிப்புறமாக இழுத்து நீட்டுகிறது. அதே சமயம் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பயந்து விழித்து நரம்புகளை முடுக்க, இரத்த அழுத்தம் சரேலென்று ஏறுகிறது. இவ்வளவும் ஒரு தடங்கலில் நடப்பவை. ஒரு ராத்திரியில் இருநூறு தடங்கல், வருஷத்துக்கு முந்நூற்றறுபத்தைந்து ராத்திரி, இப்படிப் பத்து வருஷம் என்று பெருக்கிப் பாருங்கள். மேலறை விரிந்து, அதன் சுவரில் தழும்பு போன்ற நார் படர்ந்து, மின்னோட்டம் சீராகச் செல்லும் பாதைகள் சிதைகின்றன. மேலறைகள் நிமிஷத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் ஒழுங்கின்றி நடுங்கத் தொடங்குகின்றன. நாடியைத் தொட்டுப் பார்த்தால் தாளம் தெரியாத மத்தளக்காரன் வாசிப்பது போல் இருக்கும். இதையே "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்" என்கிறார்கள். தமிழில் மேலறை நடுக்கம் என்று சொல்லிக்கொள்வோம்.

இருதய ரண சிகிச்சைக்குப் பிறகு இந்த நடுக்கம் மிகச் சாதாரணமாக வருவது. இரத்தக் குழாய் அடைப்புக்கு மாற்றுவழி வைக்கும் பைபாஸ் சிகிச்சைக்குப் பின்னர், நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் வரையில் இதற்கு ஆளாகிறார்கள். வால்வு மாற்றும் சிகிச்சையில் நாற்பதை எட்டுகிறது. இரண்டும் சேர்ந்து செய்தால் ஏறக்குறைய பாதிப் பேர். அதிகமாக அது தலைகாட்டுவது இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள். ஸ்லீப் அப்னியா உள்ளவர்களுக்கு இந்த அபாயம் மற்றவர்களைக் காட்டிலும் அதிகம் என்பது பல தேசத்து ஆராய்ச்சிகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

காரணம் ஊகிக்கக்கூடியதே. நிலம் முன்பே பண்பட்டிருக்கிறது. ஆபரேஷன் விதையைத் தூவுகிறது. கத்தி பட்ட இருதயத்தில் வீக்கமும் அழற்சியும் உண்டு. அதைச் சுற்றியுள்ள உறையில் இரத்தமும் நீரும் தேங்குகின்றன. வலிக்காகக் கொடுக்கும் அபினி வர்க்க மருந்துகளும், மயக்க மருந்தின் மிச்சமும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துகின்றன. மார்பெலும்பை அறுத்துத் தைத்திருப்பதால், வீட்டில் ஒருக்களித்துப் படுத்துத் தப்பித்துக்கொண்டிருந்தவர் இங்கே மல்லாந்தே படுக்க வேண்டியவராகிறார். அன்றியும், ரண சிகிச்சையான முதல் ஓரிரு இரவுகளில் கனவுத் தூக்கம் ஏறக்குறைய வருவதேயில்லை. அடுத்த சில இரவுகளில் அது கடனை வட்டியோடு வசூலிப்பது போல் திரும்பி வருகிறது. கனவுத் தூக்கத்தில்தான் மூச்சுத் தடங்கல் மிகுதி. மேலறை நடுக்கம் தலைகாட்டும் நாட்களும் ஏறக்குறைய அவையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடுக்கம் வந்தால் என்ன நஷ்டம்? பெரும்பாலோருக்குச் சில நாளிலோ சில வாரங்களிலோ அது அடங்கிவிடுகிறது என்பது வாஸ்தவம். ஆனால் நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறையலாம்; உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்தால், புது ரணத்தில் இரத்தக் கசிவு உண்டாகுமோ என்ற பயம். ஆஸ்பத்திரி வாசம் நீள்கிறது. ஒருமுறை வந்தவருக்குப் பிற்காலத்தில் மறுபடியும் வருவதற்கான வாய்ப்பும் ஏறுகிறது. நாள் கூலிக்காரன் வீட்டில் நாலு நாள் அதிகப்படியான ஆஸ்பத்திரி வாசம் என்றால், அது கூட இருப்பவரின் நாலு நாள் கூலியும் போனதாக அர்த்தம்.

அடி அண்ணாமலையில் பூக்கட்டி விற்றுப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவருக்கு ஐம்பத்தைந்து வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. நெஞ்சு வலிக்கிறது என்று போனார்; மூன்று குழாய்களில் அடைப்பு என்றார்கள். இத்தகையவர் நம் தகப்பனார் காலத்தில் விதியை நொந்துகொண்டு படுத்திருப்பார். இன்று அந்த நிலை இல்லை. வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில் வேலூர் இருக்கிறது. அங்கே ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை பெரிய கலாசாலையாக வளர்ந்து, 1960-களின் தொடக்கத்திலேயே டாக்டர் என். கோபிநாத் முதலியோர் இருதயத்தைத் திறந்து சிகிச்சை செய்யும் துணிவான காரியத்தை இந்நாட்டில் நிலைநாட்டிய இடமாயிற்று. சென்னைப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975-ல் டாக்டர் கே. எம். செரியன் செய்த பைபாஸ் சிகிச்சை இந்தியாவிலேயே முதலாவது என்று போற்றப்படுகிறது. சீமைக்குப் போகக் கூடியவர்களுக்கு மட்டுமே கிட்டியிருந்த வைத்தியத்தை, நம்மவர் கைகளே நம்மவர் மார்பில் செய்யும் காலம் வந்தது. பிறகு 2009 முதல், தமிழ்நாட்டு அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டங்களால் ஏழைக்கும் அந்தக் கதவு திறந்தது. இவை பெருமைப்பட வேண்டிய விஷயங்கள். கதவு திறந்த பிறகு, உள்ளே போகிறவர் பத்திரமாக வெளியே வருவதையும் நாம் கவனிக்க வேண்டும் அல்லவா?

ஆகவே நமது பூக்காரர் ஆபரேஷனுக்குப் போகிறார். சர்க்கரை பார்க்கிறார்கள், சிறுநீரகம் பார்க்கிறார்கள், நுரையீரலைப் படம் எடுக்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி அவரைக் கேட்டால், "நன்றாகத் தூங்குவேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தம் வீட்டில் திருடன் நுழைந்ததைத் தூங்குகிறவன் எப்படி அறிவான்? கேட்க வேண்டியது பக்கத்தில் நிற்கும் அம்மாளை.

"தூக்கத்திலே குறட்டை விடுவாரா, அம்மா?"

"அத ஏன் கேக்குறீங்க, டாக்டர்! தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"நடுவிலே மூச்சு நின்னுபோற மாதிரி இருக்குமா?"

"இருக்கும். நான்தான் பயந்துபோய்த் தட்டி, ஒருபக்கமாத் திருப்பிப் படுக்க வைப்பேன். அதுவும் ஒரு வியாதிங்களா?"

அந்த அம்மாள் பல வருஷமாக ராத்திரிதோறும் வைத்தியம் செய்து வந்திருக்கிறாள். தான் செய்தது வைத்தியம் என்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் அதற்கு ஓர் இடம் இல்லை. இந்த ஒரு குறை நீங்கினால், பாதிக் காரியம் முடிந்த மாதிரி.

கேட்க வேண்டிய கேள்விகள் எட்டே எட்டு. டொரொண்டோ நகரத்து மயக்கமருந்து நிபுணர் பிரான்சஸ் சங் அம்மையாரும் அவருடைய தோழர்களும் 2008-ல் தொகுத்து வெளியிட்டவை அவை. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும்படியான குறட்டை உண்டா? பகலில் அசதியும் தூக்கமும் உண்டா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை எவரேனும் கண்டதுண்டா? இரத்த அழுத்தம் உண்டா? உடற்பருமன் மிகுதியா? வயது ஐம்பதைத் தாண்டியதா? கழுத்துச் சுற்றளவு 40 செண்டிமீட்டருக்கு மேலா? ஆண்பிள்ளையா? மூன்று கேள்விகளுக்கு "ஆம்" என்றால் சந்தேகம். ஐந்துக்கு "ஆம்" என்றால் பலத்த சந்தேகம். இதற்கு யந்திரம் வேண்டியதில்லை. தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். நமது பூக்காரருக்கு, கழுத்தை அளக்கு முன்பே, ஐந்து "ஆம்" விழுந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

"ஆண்பிள்ளையா" என்ற கேள்வியைப் படித்துவிட்டுப் பெண்மணிகள் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த வியாதி கூடுகிறது. பெண்கள் குறட்டை விடுவதில்லை என்ற நம்பிக்கை, பெரும்பாலும் ஆண்கள் முதலில் தூங்கிவிடுவதால் ஏற்பட்டது. தாயாருக்கோ மாமியாருக்கோ சிகிச்சை என்றால், ஒரே அறையில் படுக்கிற மகளோ மருமகளோ பேத்தியோ சாட்சி சொல்லவேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சந்தேகம் எழுந்தபின், இரவில் சுவாசத்தையும் பிராணவாயுவையும் நாடியையும் பதிவு செய்யும் பரிசோதனை உண்டு. சிகிச்சைக்கு அவகாசம் இருந்தால் அதைச் செய்துகொள்வது உத்தமம். வியாதி உறுதியானால், முகமூடி வழியாக இலேசான அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் காக்கும் "ஸீ-பேப்" யந்திரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் இதை வெளியிட்டார். தூசு உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு அவர் முதலில் அதை அமைத்தார் என்பது ரஸமான விஷயம். வீட்டில் இந்த யந்திரத்தை உபயோகிக்கிறவர்கள், ஆபரேஷனுக்குப் போகும்போது அதையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். வேட்டியும் சொம்பும் மறந்தாலும் இதை மறக்கலாகாது.

அந்த முகமூடியை அணிந்தால் மேலறை நடுக்கம் வரவே வராது என்று எவரும் உறுதிச்சீட்டு எழுதித்தர முடியாது. இருதய ரண சிகிச்சைக்குப் பின்வரும் நடுக்கத்தை அது தடுக்கிறதா என்று பார்த்த சோதனைகள் சிறியவை. முடிந்த முடிவாகச் சொல்லப் போதாதவை. இருதய வியாதியோ மூளை இரத்தக்குழாய் வியாதியோ உள்ள 2,700-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்து 2016-ல் வெளியான பெரிய சோதனையில், இந்த யந்திரத்தினால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்றேகால் மணி நேரமே அதை அணிந்திருந்தார்கள். கால் வயிற்றுக் கஞ்சி குடித்தவன் உணவினால் பலம் வராது என்று சொல்வதற்கு ஒப்பாகவும் இதைக் கொள்ளலாம்; அப்படிக் கொள்ளாமலும் இருக்கலாம். இதற்கிடையே, பகல் தூக்கம் நீங்குவதும், இரத்த அழுத்தம் ஓரளவு இறங்குவதும், மயக்க மருந்துக்குப் பின் மூச்சுக்குத் துணை கிடைப்பதும் ஐயமற்ற நன்மைகள்.

யந்திரத்தைத் தவிர வேறு தடுப்பு இல்லையா? நிறைய உண்டு. இங்கேதான் சாட்சி சொன்னதன் பலன் தெரியும். இன்னார் அபாயம் கூடியவர் என்று முன்பே அறிந்த வைத்தியர், அபினி வர்க்க மருந்தைக் குறைத்து வேறு வழிகளில் வலியை அடக்குவார். தலைப்பக்கத்தை முப்பது பாகை உயர்த்திப் படுக்க வைப்பார். நாடியையும் பிராணவாயுவையும் அதிக நாள் இடைவிடாது கவனிக்கச் சொல்வார். இருதயத் துடிப்பைத் தணிக்கும் "பீட்டா பிளாக்கர்" மாத்திரைகளை முன்பே உண்பவராயின், அவை ஒரு நாளும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வார். திடீரென்று நிறுத்துவது நடுக்கத்தைத் தானே அழைப்பதாகும். மிக அபாயமுள்ளவர்களுக்கு "அமியோடரோன்" என்னும் மருந்தை முன்கூட்டியே கொடுப்பதும் உண்டு.

கத்தியின் வேலையிலேயே ஒரு சிறு மாறுதலால் பலன் காணலாம் என்றும் தெரிந்திருக்கிறது. இருதய உறையின் பின்புறத்தில் இடப்பக்கமாக ஒரு சிறு கீறல் செய்து, தேங்கும் நீர் வடிய வழி செய்துவிட்டால் போதும். நியூயார்க்கில் 420 நோயாளிகளிடம் நடத்தி 2021-ல் வெளியான சோதனையில், கீறல் செய்யாதவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு வந்த நடுக்கம், செய்தவர்களில் 17 பேருக்கே வந்தது. பழைய வழக்கங்கள் சில பயனற்றவை என்றும் தெரிந்துவருகிறது. பொட்டாசியம் உப்பின் அளவை உயர்த்தியே வைத்திருந்தால் நடுக்கம் தடைப்படும் என்று நெடுங்காலம் நம்பி, அதைத் தாராளமாகக் கொடுத்து வந்தார்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்து 2024-ல் வெளியான பெரிய சோதனையில், அளவு உண்மையில் குறைந்தபோது மட்டும் கொடுத்தவர்களுக்கும் அதே பலன்தான் என்று கண்டார்கள். வைத்திய சாஸ்திரம் தன் நம்பிக்கைகளைத் தானே உரைத்துப் பார்ப்பது, அதை நாம் நம்புவதற்கு நல்ல காரணம்.

வீட்டார் செய்யக்கூடியவையும் சில. ஆபரேஷனுக்கு நாள் குறித்தது முதல் மதுவையும் புகையிலையையும் அறவே விடவேண்டும். மது தொண்டையைத் தளர்த்தி மேலறையையும் கலக்குகிறது. தூக்க மாத்திரைகளை வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. வீடு திரும்பியபின், ஒருவர் நாள்தோறும் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணிப் பழகலாம். தாளம் தப்பினால், படபடப்பும் மூச்சு வாங்குதலும் தோன்றினால், வைத்தியரிடம் போகவேண்டும். வாய் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல் இவற்றில் ஒன்று கண்டாலும் 108-ஐ அழைக்க ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

இன்னொரு விஷயம். "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கிரிவலம் வருகிறேன்" என்று வேண்டிக்கொள்கிறவர்கள் நம்மிடையே அநேகர். வேண்டுதலை நாம் குறை கூறவில்லை. நம்பிக்கையும் ஒரு பலம். ஆயினும் அறுத்த மார்பெலும்பு கூடுவதற்கே இரண்டு மாதமாவது ஆகும். முழு வலிவு பெற மூன்று மாதமும் ஆகலாம். நடுக்கம் வந்து, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் வெறுங்காலோடு இருட்டில் 14 கிலோமீட்டர் நடந்து கல்லிலும் முள்ளிலும் காயப்பட்டால், இரத்தம் எளிதில் நிற்காது. தூக்கத் தடங்கல் உள்ளவர் ஓர் இரவை முழுவதும் விழித்துக் கழிப்பதும் நல்லதன்று. வைத்தியர் அனுமதித்த பிறகு, கூட்டமில்லாத ஒரு நாளில், பொழுது விடியும் வேளையில் நிதானமாக நடக்கலாம். தெய்வத்தின் கடனுக்கு வட்டி ஏறுவதில்லை.

முடிவாக, பொது ஜனங்களுக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு யோசனை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு மாதம் முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டம் நடந்துவருகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் வீட்டுக்கே பெண் ஊழியர்கள் வந்து சோதித்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இது மிகவும் சிலாக்கியமான ஏற்பாடு. அடி அண்ணாமலையைப் போன்ற ஊர்களின் திண்ணையில் வந்து உட்காரும் அந்தப் பெண்மணி, அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி வைக்குமுன், வீட்டாரை இன்னும் ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் என்ன? "தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா?" என்பதே அது. எத்தனை மாத்திரை கொடுத்தும் இறங்காத இரத்த அழுத்தத்தின் பின்னே பல சமயம் ஒளிந்திருப்பது இந்த வியாதியே. இருதயம் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வரை காத்திராமல், பத்து வருஷம் முன்பாகவே அதைத் திண்ணையில் பிடித்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரு பென்சிலின் தேய்மானம்.

அரசாங்கம் செய்யும் வரையில் வீட்டார் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் எவருக்கேனும் இருதய ரண சிகிச்சை என்று நாள் குறித்திருந்தால், மருந்துச் சீட்டுகளையும் படங்களையும் பையில் அடுக்கும்போதே, ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதிச் சேருங்கள்: இவர் குறட்டை விடுகிறார், நடுவில் மூச்சு நிற்கிறது. டாக்டர் கேட்காவிட்டாலும் அதை அவர் கையில் கொடுங்கள். இரவெல்லாம் விழித்திருந்து கண்டவரின் சொல்லுக்கு, எந்த யந்திரத்தின் சொல்லுக்கும் குறையாத மதிப்பு உண்டு.